காரின் வால்பக்கம் குடிக்கும் பெட்ரோல்

மாணவர்களே, சமமான நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் காரைக் கற்பனை செய்யுங்கள். அதன் வேகம் கூடவில்லை. அது மேட்டிலும் ஏறவில்லை. நியூட்டனின் முதல் விதிப்படி அது தானாகவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு எதற்குப் பெட்ரோல்?

காரைப் பின்னுக்கு இழுக்கும் விசைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர்கள் உருள்வதால் வரும் உருளல் உராய்வு. மற்றொன்று, காற்றுத்தடை. காற்றுத்தடைக்கான வாய்பாடு இது:

காற்றுத்தடை = ½ × காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × முகப்புப் பரப்பு × வேகம் × வேகம்

இழுவைக் குணகம் என்பது உருவத்தைப் பொறுத்த எண். உருவம் காற்றை எவ்வளவு எளிதாக நழுவவிடுகிறதோ, அந்த அளவுக்கு அது சிறியதாக இருக்கும்.

கணக்குப் போடுவோம்

1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இழுவைக் குணகம் 0.30, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத்தடை ஏறக்குறைய 92 நியூட்டன். 110 கிலோமீட்டரில் அது 370 நியூட்டன்! வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. உருளல் உராய்வோ இரண்டு வேகங்களிலும் ஏறத்தாழ 118 நியூட்டன்தான். ஆகவே, நெடுஞ்சாலையில் எஞ்சினின் பெரும்பாலான உழைப்பு காற்றை விலக்குவதிலேயே போகிறது.

சைக்கிளில் பிறந்த ஆய்வு

அமெரிக்காவின் நாசாவில் பொறியாளராக இருந்தவர் எட்வின் சால்ட்ஸ்மேன். கலிபோர்னியாவின் பாலைவனச் சாலையில் அவர் சைக்கிளில் செல்லும்போது பெரிய லாரிகள் கடந்துபோகும். லாரி நெருங்கும்போது காற்று அவரைச் சாலையோரம் தள்ளியது. கடந்த பின் சாலைப் பக்கமாக இழுத்தது. விமானங்களின் காற்றுத்தடையை ஆராய்ந்த அவருக்கு, அந்த இழுப்பில் எவ்வளவு எரிபொருள் வீணாகிறது என்பது புரிந்தது.

1970களில் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு பழைய அஞ்சல் வேனைச் சுற்றிச் சட்டம் அமைத்து, தட்டையான அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். கூர்மையான மூலைகளுடன் அது செருப்புப் பெட்டிபோல இருந்தது. வேகமாக ஓட்டி, பிறகு எஞ்சின் விசையில்லாமல் தானாக உருளவிட்டு, வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று அளந்தார்கள். பிறகு மூலைகளையும் விளிம்புகளையும் வளைவாக மாற்றி, மறுபடியும் அளந்தார்கள். காற்றுத்தடை பாதிக்கும் மேல் குறைந்தது!

பின்புறத்தைக் கவனியுங்கள்

காற்றை முன்பக்கம் கிழிப்பதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று பின்புறத்தில் எப்படி ஒன்றுசேர்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். திடீரென வெட்டியதுபோல் முடியும் பின்புறத்தை ஒட்டிக் காற்றால் வளைய முடியாது. அது சுழல்களாக உடைந்து, குறை அழுத்தப் பகுதியை உண்டாக்கும். அது காரைப் பின்னுக்கு இழுக்கும்.

இதைப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் சோதிக்கலாம். எரியும் மெழுகுவர்த்திக்கு முன்னால் ஓர் உருண்டையான கண்ணாடிப் புட்டியை வைத்து, இந்தப் பக்கமிருந்து ஊதுங்கள். காற்று புட்டியைச் சுற்றி வந்து சுடரை அணைத்துவிடும். அதே அகலமுள்ள தட்டை அட்டையை வைத்து ஊதினால், சுடர் அட்டையை நோக்கிச் சாயும். அந்தச் சாய்வுதான் குறை அழுத்தத்தின் அடையாளம்.

வீட்டில் செய்யும் மாற்றங்கள்

சிலர் விளம்பரப் பலகைக்கான பிளாஸ்டிக் அட்டையால் காரின் அடிப்பகுதியை மூடுகிறார்கள். முகப்புக் கிரில்லைப் பாதி அடைக்கிறார்கள். சக்கரங்களுக்கு வழவழப்பான மூடி போடுகிறார்கள். இவற்றின் அறிவியல் சரியானதே. நம் காரின் காற்றுத்தடை இவற்றால் 10 விழுக்காடு குறைந்தது எனக் கொள்வோம். 110 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தத் தடையான 488 நியூட்டனில் 37 நியூட்டன் மிச்சம். அதாவது, ஏறக்குறைய 7.6 விழுக்காடு. நகரத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதோ அநேகமாக எதுவும் மிஞ்சாது.

ஆபத்தும் உண்டு. கிரில்லை அடைத்தால் நம் ஊர் வெயிலில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகலாம். புகைக்குழாய்க்கு அருகே பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கலாம். சரியாகப் பொருத்தாத அட்டை பிய்ந்து பறந்தால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் உயிருக்கே அது உலை வைக்கும். வாகனத்தை மாற்றியமைப்பதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிமுறைகளும் உள்ளன.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நம் கணக்குக் காரை 110 கிலோமீட்டருக்குப் பதில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், காற்றுத்தடை 370 நியூட்டனிலிருந்து 248 நியூட்டனாக இறங்கும். மூன்றில் ஒரு பங்கு குறைவு! 100 கிலோமீட்டர் பயணத்தில் கூடுதலாகும் நேரம் 12 நிமிடம் மட்டுமே. அடுத்த முறை குடும்பத்தோடு வெளியூர் போகும்போது இந்தக் கணக்கை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்: காரின் கூரைமேல் பெட்டியைக் கட்டினால், வாய்பாட்டில் எந்தெந்த அளவுகள் மாறும்? காலிப் பெட்டியாக இருந்தாலும் பெட்ரோல் செலவு ஏன் கூடும்?