உருள்குண்டுத் தாங்கியின் வரலாறு

யந்திரம் எதுவாயினும் அதன் சுழலும் தண்டு ஓரிடத்தில் தாங்கப்பெறுதல் வேண்டும். அவ்விடத்தில் உலோகத்தோடு உலோகம் உராய்வதால் வெப்பமுண்டாகிறது. எண்ணெய் வற்றுமாயின் தண்டு தேய்ந்தழிகிறது. இடையே எஃகுக் குண்டுகளை அமைத்தால் உராய்தல் குறைந்து உருளுதல் நிகழும். பாரமான மரத்தை உருளைக்கட்டைகளின்மேல் ஏற்றித் தள்ளுவோர் அறிந்த உண்மையே இது. இக் கருவியையே தொழிலாளர் ‘பேரிங்’ என வழங்குகின்றனர்.

ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க் நகரில் நெசவாலை ஒன்றிருந்தது. அக்காலத்து ஆலைகளில் கூரையை ஒட்டி நீண்ட தண்டு ஒன்று ஓடும். அதினின்று தோல்வார்கள் இறங்கித் தறிகளை இயக்கும். இவ்வாலையோ களிமண் நிலத்தின்மீது கட்டப்பட்டது. நிலம் சிறிது சிறிதாக அமிழவே தண்டு நேர்கோடு தவறிற்று. தாங்கிகள் அடிக்கடி பழுதுற்றன. அங்கே பொறியாளராயிருந்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்பவர், நிலத்தைத் திருத்த இயலாதாயின் தாங்கியைத் திருத்துவோமெனத் துணிந்தார். குண்டுகளை இரு வரிசையாக நிறுத்தி, வெளிவளையத்தின் உட்புறத்தை ஒரு கோளத்தின் பகுதிபோலக் குடைந்தார். அக்கோளத்தின் மையமே தாங்கியின் மையமாதலால், தண்டு சிறிது சாய்ந்தாலும் குண்டுகள் தடையின்றி உருண்டன. எளிமையே இதன் அழகென்பது எம் கருத்து.

1907-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் எஸ். கே. எப். என்னும் நிறுவனம் தோன்றியது. விங்க்விஸ்டுக்கு அப்பொழுது வயது 30. சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் லூட்டன் நகரிலும் தொழிற்சாலை எழுந்தது. 1919-இல் ஆர்விட் பாம்கிரேன் குண்டுக்குப் பதிலாகப் பீப்பாய் வடிவ உருளைகளை அமைத்து, மிகுந்த பாரந் தாங்கும் வகையை அளித்தார். 1927-இல் வெளிவந்த வால்வோ மோட்டார் வண்டியும் இந்நிறுவனத்தின் பிள்ளையே. அப்பெயருக்கு லத்தீனில் ‘உருள்கிறேன்’ என்று பொருள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இச்சிறு குண்டுகளின் அருமை வெளிப்பட்டது. பேரிங் இன்றி விமானமோ டாங்கியோ இல்லை. ஜெர்மனியின் ஷ்வைன்பர்ட் நகரத்துத் தொழிற்சாலைகளை அமெரிக்க விமானங்கள் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-லும் அக்டோபர் 14-லும் தாக்கின. இரண்டாந் தாக்குதலில் மட்டும் 60 விமானங்கள் வீழ்ந்தன. அத்தொழிற்சாலைகளுள் ஒரு பகுதி எஸ். கே. எப். நிறுவனத்தினுடையதே! நடுநிலை நாடாகிய ஸ்வீடனிலிருந்தோ ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பேரிங்குகள் சென்றன. பிரிட்டன் அவற்றை மாஸ்கிட்டோ விமானங்களிலும் கொண்டுசென்றது. வணிகத்தின் நடுநிலைமை எத்தகையதென்று ஆராயப் புகுவார்க்கு இது தக்கதோர் உதாரணம். 1944-இல் நேசநாடுகளின் நெருக்குதலால் ஜெர்மனிக்குச் செல்லும் அளவு குறைக்கப்பட்டது.

யுத்தம் முடிந்தபின், 1947-இல், பாம்கிரேனும் குஸ்டாப் லுண்ட்பர்க்கும் பேரிங்கின் ஆயுளைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். ஒரே வகைப் பேரிங்குகள் நூற்றில் தொண்ணூறு எத்தனை சுற்று நிலைக்கும் என்பதே அவர்கள் கொண்ட அளவு. அக்கணக்கின்படி, குண்டுப் பேரிங்கின்மீது பாரம் இருமடங்கானால் ஆயுள் எட்டிலொன்றாகச் சுருங்கும்.