மண்காற்று அடிக்கும் ஊரில் எண்ணெய் போடும் முறை

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கொடியில் காயும் துணியிலும் மண் ஏறிவிடும். விழுப்புரத்தை ஒட்டித் தென்பெண்ணை ஆற்று மணல், வானூர் பக்கம் செம்மண், திருவக்கரை வட்டாரத்தில் கல்குவாரித் தூசி, மரக்காணம் போனால் உப்பளக் காற்று. அத்தனையும் வந்து உட்காருவது பூட்டிலும் கீலிலும் வண்டிச் செயினிலும்தான். கிறீச்சென்று சத்தம் கேட்டதும் எண்ணெய்ப் புட்டியைத் தேடும் பழக்கம் மண் பறக்கும் ஊருக்கு ஒத்துவராது. இங்கே துடைப்பதுதான் முதல் வேலை. எண்ணெய் அதற்குப் பிறகு, அதுவும் அளவாக.

1. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. கீல், கொக்கி செய்யும் சாதாரண இரும்புக்கு 4 முதல் 5. உலர்ந்த இரும்பில் விழுந்த மணல் தட்டினால் உதிரும். எண்ணெயில் ஒட்டிய மணல் அங்கேயே கிடந்து இரும்பை அரைக்கும். வால்வு தேய்க்க மெக்கானிக் தடவும் கிரைண்டிங் பேஸ்ட்டும் இப்படித்தான், கடினமான பொடியை மசகில் குழைத்தது.

2. பாலைவனத்தில் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களுக்கு இது பாலபாடம். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்க மணலில் போரிட்ட இந்திய 4ஆம் டிவிஷனின் கையில் இருந்தது லீ-என்ஃபீல்டு ரைஃபிள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதன் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். எண்ணெய் வழியும் போல்ட்டில் மணல் அப்பினால் அது நகராது. அதனால் மணல் நாட்டில் பழைய எண்ணெயைச் சுத்தமாகத் துடைப்பார்கள். வெளிப்பக்கம் உலர்ந்தே இருக்கும். உரசும் இடத்தில் மட்டும், அதுவும் தேவைப்பட்டால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. வேலையில்லாதபோது துணியால் மூடிவைப்பார்கள். நம் வீட்டுச் சாமான்களுக்கும் இதே முறைதான்.

3. பூட்டு: சாவித் துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டுங்கள். சைக்கிள் பம்ப் இருந்தால் காற்று அடியுங்கள். பிறகு 4பி அல்லது 6பி பென்சிலைச் சாவியின் பற்களில் கருக்கத் தேய்த்து, உள்ளே விட்டுப் பல தடவை திருப்புங்கள். பென்சில் முனையில் இருப்பது களிமண்ணும் கிராஃபைட்டும். ‘பி’க்கு முன்னால் உள்ள எண் கூடக் கூட கிராஃபைட் அதிகம். இது ஈரமில்லாத மசகு, மண்ணைப் பிடித்து வைக்காது. ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டு என்றால் முதலில் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெயும் பென்சில் தூளும் சேர்ந்து கரிச்சேறாகிவிடும்.

4. சமையல் எண்ணெயை இரும்புக்கு விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியற்காலையில் பூட்டுக்குள்ளும் உறையும். மல்லாட்டை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுத்துப் பிசினாகும். பிறகு வருகிற தூசியெல்லாம் அதில்தான்.

5. தையல் மெஷின்தான் மண்காற்றில் அதிகம் பாடுபடுவது. ஊசித் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சு, செம்மண், பழைய எண்ணெய் மூன்றும் சேர்ந்து பாபின் கேஸைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கெட்டிப்பட்டிருக்கும். அதன் மேல் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் மெஷின் கனமாகத்தான் ஓடும். பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, ஷட்டிலை உலர்ந்த துணியால் துடைத்து, அதற்குப் பிறகு மெஷின் எண்ணெய் ஒரு துளி. மேலே உள்ள துவாரங்களுக்கும் ஒவ்வொரு துளி போதும். நூல் கோக்காமல் சற்று நேரம் ஓட்டி, கழிவுத் துணியில் நாலு வரி தைத்த பிறகு நல்ல துணியை வையுங்கள். வேலை முடிந்ததும் உறை போடுங்கள். ஜன்னலோரம் வைத்திருந்தால் இடத்தையும் மாற்றுங்கள்.

6. சைக்கிள் செயினில் எண்ணெய் வேலை செய்யும் இடம் உருளைக்கும் பின்னுக்கும் நடுவே. வெளியே பளபளப்பது வீண்தான், மண்ணைத்தான் சேர்க்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளிப்பக்கத்தைக் கை வைத்தால் ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கம்பெனி கையேட்டில் சொன்ன செயின் ஆயிலைப் போடுங்கள். பல வண்டிகளுக்கு அது 90 கிரேடு. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது செயினில் துணியை வைத்தால் விரல் போய்விடும். பிரேக்கின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது.

7. அலுமினிய ஜன்னல் நகராவிட்டால் தண்டவாளத்து மணலைப் பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். கடைக்காரர்கள் ஷட்டர் ஓடும் பள்ளத்துக்கும் இதையே செய்யலாம்.

8. அந்தக் காலத்து மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசகைத்தான் போடுவார்கள். விளக்கெண்ணெய் சமையல் எண்ணெய்களைப்போல் எளிதில் பிசினாகாது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் கெட்டியான மசகு, குடத்துக்குள் மூடியிருக்கும் அச்சுக்கே பொருந்தும். இரும்புக் கேட்டுக்கும் அப்படியே. கதவைத் தூக்கிக் கீல் முளையைத் துடைத்து, உள்ளே கொஞ்சம் கிரீஸ் வைத்து, பிதுங்கியதை வழித்தெடுங்கள்.

9. சீலிங் ஃபேனில் பெரும்பாலும் மூடிய பால் பேரிங்தான். அதற்கு எண்ணெய் ஏறாது. சத்தம் வந்தால் பேரிங்கை மாற்றுங்கள். புஷ் வைத்த பழைய டேபிள் ஃபேனுக்கு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடலாம். மிக்ஸி ஜாருக்குள் மெஷின் எண்ணெய் விடவே கூடாது, அது சாப்பாடு படும் இடம்.

10. மரக்காணம், கூனிமேடு போன்ற கடற்கரை ஊர்களுக்கு ஒரு மாற்றம் உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும். அங்கே இரும்பை முழுக்க உலர்வாக விட்டால் துருப்பிடித்துவிடும். நல்ல தண்ணீர்த் துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றியெடுங்கள். கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி. அலுமினியத்தில் மட்டும் பென்சில் வேண்டாம். உப்பு ஈரம் பட்டால் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்க வைக்கும்.

11. கழுவிய மண்ணெண்ணெயையும் வண்டியில் வடித்த பழைய ஆயிலையும் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். நம் வீட்டுக் குடிதண்ணீர் அந்த மண்ணுக்குக் கீழேதான் ஊறுகிறது.