பொருள் அறிந்து வாங்குவோம்: 120 கேமரா லென்ஸ்கள் - ஓர் ஒப்பீடு



இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. டிஜிட்டல் வந்த பின் அவற்றில் பல மூடப்பட்டுவிட்டன. அந்தக் கடைகளின் கேமராக்கள் இன்று தகரப் பெட்டிகளில் நம் கடைகளைத் தேடி வருகின்றன. கொண்டு வருபவர் பெரும்பாலும் ஸ்டுடியோக்காரரின் மகனோ மனைவியோ. "அண்ணாச்சி, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்பார்கள். நமக்கும் தெரியாவிட்டால் ஒன்று அவர்களை ஏமாற்றுவோம், அல்லது நாம் ஏமாறுவோம். இரண்டும் வியாபாரம் ஆகாது.

அடிப்படை

120 பிலிம் 1901-ல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒரு ரோலில் 6×6 அளவில் 12 படம், 6×7 அளவில் 10 படம் விழும். படத்தின் பரப்பு சாதாரண 35 மி.மீ. பிலிமைப் போல் மூன்று, நான்கு மடங்கு இருப்பதால், பெரிதாகப் பிரிண்ட் போட்டாலும் முகத்தின் தெளிவு குறையாது. திருமணப் படத்துக்கும், தொழிற்சாலைகளில் நூறு பேரை நிறுத்தி எடுக்கும் குழுப் படத்துக்கும் ஸ்டுடியோக்காரர்கள் இதை விரும்பியது அதனால்தான்.

படம் விழும் விதம்

ஹாசல்பிளாட் 500 சி.எம். கேமராவோடு வருவது பெரும்பாலும் ஜெய்ஸ் பிளானார் 80 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். நடுப்பகுதி முழுத் திறப்பிலேயே கூர்மையாக இருக்கும். எஃப் 5.6-க்கு மூடினால் ஓரமும் சேர்ந்து கூர்மையாகும். இதன் ஷட்டர் பக்கத்துத் துவாரம் ஐந்து இதழ் கொண்டது. ஆகவே பின்னணியில் சீரியல் பல்பு எரிந்தால், மூடிய திறப்பில் அவை ஐங்கோணமாக விழும். சிலருக்கு இது பிடிக்காது, முன்கூட்டியே சொல்லி விற்பது நல்லது. முகப் படத்துக்கு சோனார் 150 மி.மீ. எஃப் 4 மேலானது. மூக்கு பெருக்காது, பின்னணி அமைதியாகக் கரையும்.

மாமியா ஆர்.பி. 67 கேமராவின் செக்கார் 127 மி.மீ. எஃப் 3.8, ஆர்.இசட். 67-ன் 110 மி.மீ. எஃப் 2.8 ஆகியவை ஸ்டுடியோவுக்கென்றே பிறந்தவை. 6×7 பரப்பு பெரியது என்பதால் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் தோல் நிறம் மெதுவாக இறங்கும்.

பென்டாக்ஸ் 67-ன் 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸுக்கு இன்று இளைஞர்களிடம் தனி மோகம். 35 மி.மீ. கணக்கில் சொன்னால் இது ஏறக்குறைய 50 மி.மீ. எஃப் 1.2-க்குச் சமம். கண் கூர்மையாக இருக்கும், காதே மங்கத் தொடங்கிவிடும். அந்த அளவுக்குப் போகஸ் ஆழம் குறைவு. கை பழகாதவர் எடுத்தால் ரோலில் பாதி வீண்.

ரோலிபிளக்ஸ் 2.8 எஃப் கேமராவில் பிளானாரும் உண்டு, ஷ்னைடர் நிறுவனத்தின் ஜெனோட்டாரும் உண்டு. படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். பெயருக்காகப் பிளானாருக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். ஜெனோட்டார் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

எளிய வகையில் யாஷிகா 635-ல் இருப்பது மூன்று கண்ணாடி யாஷிகார், யாஷிகா மேட் 124 ஜி-யில் இருப்பது நான்கு கண்ணாடி யாஷினான். இரண்டாவதன் ஓரத் தெளிவு நன்கு கூடுதல். இரண்டையும் ஒரே விலையில் வாங்குவது தவறு.

கையாளும் விதம்

ஹாசல்பிளாட்டிலும் மாமியாவிலும் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்துப் போகும். ஹாசல்பிளாட்டில் 1/500 வரை, மாமியாவில் 1/400 வரை. கோயில் வாசலில் உச்சி வெயிலில் மணமக்களை நிறுத்தி நிழல் விழுந்த முகத்துக்குப் பிளாஷ் கொடுக்க இது பெரிய வசதி. பென்டாக்ஸின் ஷட்டர் கேமரா உடலில் உள்ளது. பிளாஷுக்கு 1/30 தான் எல்லை. வெயிலில் பிளாஷ் போடுபவருக்கு அதைத் தள்ளிவிடாதீர்கள்.

எடையும் முக்கியம். ஹாசல்பிளாட் லென்ஸோடு சுமார் ஒன்றரைக் கிலோ. மாமியா ஆர்.பி. இரண்டரைக் கிலோவை ஒட்டி நிற்கும், ஸ்டாண்டு இல்லாமல் நாள் முழுதும் தூக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. ஹாசல்பிளாட்டில் லென்ஸைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் உடலும் லென்ஸும் சாவி ஏற்றிய நிலையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் முன் பலவந்தமாகத் திருகி லென்ஸைக் கெடுத்தவர்கள் உண்டு.

மாமியா ஆர்.பி. லென்ஸுக்குத் தனிப் போகஸ் வளையம் கிடையாது. போகஸ் கேமராவின் துருத்தியில் உள்ளது. ஆகவே உடல் இல்லாமல் தனி லென்ஸாக வந்தால், அடாப்டர் போட்டு டிஜிட்டலில் பயன்படுத்த நினைப்பவருக்கு அது எளிதில் உதவாது. பென்டாக்ஸ் லென்ஸ் உதவும். ஹாசல்பிளாட் 503 சி.டபிள்யூ. 2013-ல் நிறுத்தப்பட்டாலும், அந்தப் பழைய உடல்களில் மாட்டும் டிஜிட்டல் பின்பகுதியை அந்நிறுவனமே 2024-ல் கூட வெளியிட்டது. அதன் பழைய லென்ஸ்களுக்குக் கேட்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்கரைச் சோதனை

நம் பகுதியில் லென்ஸின் முதல் எதிரி காற்றிலுள்ள ஈரம். தோல் உறையில் வைத்துப் பீரோவில் பூட்டிய லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. வாங்கும் முன்:

1. துவாரத்தை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. பனி போல் தெரிந்தால் எண்ணெய்ப் படலம். படலத்தைச் சுத்தம் செய்யலாம்.

2. ஒரு வினாடி வேகத்தில் ஷட்டரை விட்டுக் காதில் கேளுங்கள். இழுத்து நின்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. சர்வீஸ் செலவைக் கழியுங்கள்.

3. ஜெய்ஸ் லென்ஸின் முன் வளையத்தில் 'டி' எழுத்தும் நட்சத்திரக் குறியும் உண்டா என்று பாருங்கள். அது பல அடுக்குப் பூச்சின் அடையாளம். எதிர் வெயிலில் படம் வெளுக்காது.

4. பென்டாக்ஸின் பழைய 105 மஞ்சளாகத் தெரிந்தால் அஞ்சவேண்டாம். அதன் கண்ணாடியில் தோரியம் சேர்ந்திருப்பதால் வரும் நிறம் அது. சில நாள் வெயில் காட்டினால் பெரிதும் குறையும்.

வாங்கிய சரக்கைத் தோல் உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

விலையும் நாணயமும்

பல வருடங்களுக்கு முன் நான் டார்ச் அடிக்காமல் ஒரு சோனார் 150-ஐ முழு விலைக்கு வாங்கினேன். வீட்டில் பார்த்தபோது உள்ளே வலை. முதலில் பாதி போனது. அந்த நஷ்டம்தான் எனக்குப் பாடம்.

சென்ற ஆண்டு அதற்கு எதிர்மாறாக ஒன்று நடந்தது. ஓர் அம்மா மூடிய ஸ்டுடியோவின் பெட்டியைக் கொண்டு வந்தார். "மொத்தமா ஐயாயிரம் கொடுங்க தம்பி, பேத்திக்குப் பீஸ் கட்டணும்" என்றார். பெட்டியில் யாஷிகாவுக்கு அடியில், துணியில் சுற்றிய பிளானார் 80 ஒன்று இருந்தது. டார்ச் அடித்தேன், கண்ணாடி சுத்தம். ஐயாயிரம் கொடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு லென்ஸே அதைவிடப் பல மடங்கு பெறும் என்று அவரிடம் சொன்னேன். நியாயமான லாபம் வைத்து மீதியைக் கொடுத்தேன். அதன்பின் அவர் சொல்லி இரண்டு ஸ்டுடியோப் பெட்டிகள் என் கடைக்கு வந்தன.

பொருள் அறிவு இருந்தால்தான் நியாயமான விலை சொல்ல முடியும். நியாயமான விலை சொல்லும் கடைக்குச் சரக்கு தானாக வரும்.