பேய் வீட்டுக் காட்சிகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

குடும்பப் பாடம்



இராத்திரி ஜெபமாலை முடிந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்காருவது இன்று அநேக வீடுகளில் வழக்கம். அதில் பிள்ளைகள் விரும்பிக் கேட்பது பேய்க் கதை. ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவரும். பூட்டிய கதவு தானே திறக்கும். மாடியில் காலடிச் சத்தம் கேட்கும். சின்னக் குழந்தை மூலையைப் பார்த்து யாரோடோ பேசும். ‘மர்ம தேசம்’ ஓடிய காலம் தொடங்கி, 2017-ல் வந்த ‘நந்தினி’ வரை இப்படிப்பட்ட தொடர்களை நம் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. 2009-ல் வெளிவந்த ‘யாவரும் நலம்’ படத்திலோ, பதின்மூன்றாம் மாடியில் குடியேறிய குடும்பத்தார் தினமும் பார்க்கும் தொடரிலேயே அவர்கள் வீட்டுச் சம்பவங்கள் நடக்கின்றன. இப்போது பாழடைந்த பங்களாவுக்கு நடுச்சாமத்தில் போய்ப் படம் பிடிப்பவர்களைக் கைப்போனிலும் பார்க்கலாம்.

இவற்றைப் பார்ப்பது பாவமா என்று தாய்மார் சிலர் கேட்பதுண்டு. கதையைக் கதையென்று அறிந்து பார்ப்பது பாவமல்ல. ஆனால் பெட்டியை அணைத்த பிறகு நம் வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பயம் மிஞ்சுமானால், அந்தப் பயத்தை என்ன செய்வது என்பதே இன்றைய பாடம்.

1. ‘உண்மைச் சம்பவம்’ என்னும் விளம்பரம்

பேய் வீட்டுக் கதைகளுள் உலகெங்கும் பேர்போனது அமெரிக்காவின் அமிட்டிவில் என்னும் ஊரில் உள்ள வீட்டின் கதை. அந்த வீட்டில் 1974 நவம்பரில் ஒருவன் தன் தாய், தகப்பன், உடன்பிறந்தோர் ஆக ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். இது மெய். அடுத்த வருஷம் டிசம்பரில் லட்ஸ் என்னும் குடும்பத்தார் அங்கே குடியேறி, 28 நாளில் வெளியேறினார்கள். வீட்டில் பேய் இருப்பதாகச் சொன்னார்கள். 1977-ல் புத்தகம் வந்தது. 1979-ல் படம் வந்தது. பின்னும் பல படங்கள் வந்தன. கதையில் வீட்டை மந்திரிக்க வந்து பயந்து போகும் குருவானவர் ஒருவரும் உண்டு. ஆனால் அதே 1979-ல், கொலையாளிக்காக வாதாடிய வக்கீல், தாமும் அந்தக் குடும்பத்தாரும் மதுப்புட்டிகளோடு உட்கார்ந்து சேர்ந்து கட்டிய கதை அது என்று வெளிப்படையாகச் சொன்னார். லட்ஸ் குடும்பத்தார் அதை மறுத்தார்கள். என்றாலும், அவர்களுக்குப் பின் அதே வீட்டை வாங்கிப் பல வருஷம் குடியிருந்தவர்கள் பேயைக் காணவில்லை. அவர்களை உபத்திரவப்படுத்தியது வேடிக்கை பார்க்க வந்த ஜனக் கூட்டமே.

ஆதலால், ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று திரையில் எழுத்து ஓடும்போது, உண்மை எது, தழுவியது எது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

2. ஒரு இரவுக் காட்சி செய்த கேடு

1992 அக்டோபர் 31, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளுக்கு முந்தின இரவு. இங்கிலாந்தில் பி.பி.சி. ‘கோஸ்ட்வாட்ச்’ என்னும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. லண்டனில் ஒரு தாயும் இரண்டு பெண்மக்களும் குடியிருக்கும் பேய் வீட்டை, ஜனங்கள் நம்பிப் பழகிய தொலைக்காட்சிப் பிரமுகர்களே நேரடியாகக் காட்டுவது போல அமைத்திருந்தார்கள். எல்லாம் முன்னமே எடுத்து வைத்த நாடகம். ஆனால் அநேகர் மெய்யென்று நம்பிக் கலங்கிப் போனார்கள்.

1994-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் டாக்டர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அந்த நிகழ்ச்சியைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர் இருவருக்கு, பெரிய விபத்தில் தப்பியவர்களுக்கு உண்டாவது போன்ற மனக்காயம் உண்டாயிற்றாம். இருட்டைக் கண்டால் பயம், விளக்கை அணைத்தால் தூக்கமில்லை, தனியே மாடி ஏற மறுப்பு, கெட்ட கனவு. பெரியவர்களுக்கு ஒரு மணி நேரப் பொழுதுபோக்கு, சிறுவனுக்குப் பல வார வேதனையாகக் கூடும் என்பதற்கு இதுவே சாட்சி. ‘பிள்ளை சும்மா படுத்துக்கிட்டுத்தானே பார்க்கிறான்’ என்று இருந்துவிடலாகாது.

3. நம் வீட்டில் கேட்கும் சத்தம்

அப்படியானால் இராத்திரியில் வீட்டில் கேட்கும் சத்தமெல்லாம் வீண் பிரமையா? இல்லை. சத்தம் மெய், அதற்குச் சொல்லும் காரணமே பொய்யாக இருக்கலாம். பகலில் வெயில் குடித்த தகரமும் மர உத்தரமும் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது படீரென்று சத்தமிடும். பொதிகை மலையடிவாரமாகிய நம் விக்கிரமசிங்கபுரத்தில் ஓட்டின் மேல் மரநாய் நடந்தால் மனுஷன் நடப்பது போலவே இருக்கும். கூகையின் அலறலைக் கேட்டுப் பழகாதவர் பெண்ணின் கூக்குரல் என்பார். தூக்கத்தில் நெஞ்சின் மேல் யாரோ ஏறி அமுக்குவது போலவும், கண் விழித்தும் கை கால் அசையாதது போலவும் சிலருக்கு நேரும். அதை அமுக்குவான் பேய் என்கிறார்கள். மூளை விழித்த பின்னும் உடம்பு சில விநாடி தூக்கத்தின் கட்டில் இருப்பதே அதற்குக் காரணம் என்கிறது வைத்திய சாஸ்திரம்.

காரணத்தைத் தேடாமல் பேயென்று விட்டுவிடுவதில் அபாயமும் உண்டு. 1921-ல் வில்மர் என்னும் அமெரிக்கக் கண் டாக்டர் ஒரு குடும்பத்தின் வரலாற்றை வெளியிட்டார். அவர்கள் 1912-ல் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். தலைவலி, சோர்வு, பிள்ளைகளின் முகத்தில் வெளுப்பு. இரவில் காலடிச் சத்தம். யாரோ பின்னால் நிற்கும் உணர்வு. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறைகளில் பரவியிருந்தது. உலையைச் செப்பனிட்டதும் ‘பேய்’ ஒழிந்தது. பேயென்றே நம்பி இருந்திருந்தால் குடும்பமே மாண்டிருக்கும். நம் பக்கத்திலும் 2024 மே மாதம் வேம்பையாபுரம், அனவன்குடியிருப்புப் பகுதிகளில் வனத்துறையார் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்களே! கொல்லையில் சத்தம் கேட்டால் விளக்கைப் போட்டு, உள்ளிருந்தபடியே பார்ப்பதுதான் புத்தி.

4. திருச்சபை போதிப்பது என்ன?

வினா: இறந்தவர்களின் ஆத்துமாக்கள் வீடுகளில் அலைகின்றனவா?

விடை: அப்படித் திருச்சபை போதிக்கவில்லை. மரித்தோர் சர்வேசுரனுடைய கையில் இருக்கிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக நாம் வேண்டிக்கொள்கிறோம், அவர்களுக்குப் பயப்படுகிறதில்லை. நவம்பர் 2-ல் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம் நேசித்தவர்களையே நினைத்து ஏற்றுகிறோம்.

வினா: பசாசு இல்லையென்று சொல்லலாமா?

விடை: சொல்லலாகாது. ஆனால் பசாசு சர்வேசுரனால் உண்டாக்கப்பட்டுக் கெட்டுப்போன சிருஷ்டிதான்; அது அவருக்குச் சமமல்ல. அது மனுஷனைக் கெடுக்கும் சாதாரண வழி பாவச் சோதனையே, கதவை ஆட்டுவதல்ல.

வினா: குறி கேட்பதும் ஆவியை அழைத்துப் பேசுவதும் ஆகுமா?

விடை: ஆகாது. பழைய ஏற்பாடு அதைக் கண்டிப்பாய் விலக்கியிருக்கிறது. பயத்தால் குறிகாரியைத் தேடிப்போன சவுல் அரசன் திரும்பும்போது முன்னிலும் அதிகப் பயத்தோடே திரும்பினான்.

வினா: பேயோட்டும் ஜெபம் யாரும் செய்யலாமா?

விடை: மேற்றிராணியாரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவானவர் மாத்திரமே செய்யலாம். அதற்கு முன் அது வியாதியா அல்லவா என்று நிச்சயப்படுத்த வேண்டுமென்றும், வியாதியைக் கவனிப்பது வைத்தியருடைய வேலையென்றும் 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் சொல்லுகிறது.

வினா: வீடு மந்திரிப்பது எதற்காக?

விடை: குடியிருப்போர்மேல் சர்வேசுரனுடைய ஆசீரைக் கேட்பதற்காக. தீர்த்தத்தையும் பாடுபட்ட சுரூபத்தையும் தாயத்தைப் போல எண்ணினால், அதுவும் ஒரு மூடநம்பிக்கையே.

5. பயம் யார் தலையில் விழுகிறது?

காட்சியில் பேய் பிடிப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணைத்தான். மெய் வாழ்விலும் அப்படியே. புது மருமகள் சாப்பிடாமல், பேசாமல், விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ‘வீட்டில் ஏதோ இருக்கிறது’ என்கிறோம். இருப்பது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். குடிகாரப் புருஷனாக இருக்கலாம். யாரிடமும் சொல்லாத கடனாக இருக்கலாம். பேயைப் பழித்தால் இவை ஒன்றையும் விசாரிக்க வேண்டியதில்லை. இதுதான் பேய்க் கதையின் பெரிய கேடு.

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்டவர்களில் பலரைப் பேய், ஏவல் என்று நம்பியே உறவினர் அவ்விடம் கொண்டுபோய் விடுவார்கள். எந்த மதத்தாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் மக்களும் அப்படிப் போகிறவர்களே. மனநோயாளியைச் சங்கிலியிடக் கூடாதென்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் விலக்கியிருக்கிறது.

6. அனுசரிக்க வேண்டியவை

கடலின்மேல் நடந்துவந்த சேசுநாதரைச் சீஷர்கள் பேயென்று எண்ணி அலறினார்கள். அவர் அவர்களைக் கேலி செய்யவில்லை. தைரியம் சொல்லிப் படவில் ஏறிக்கொண்டார். உயிர்த்த பின்பு காட்சியளித்தபோதும் ஆவியென்று நடுங்கியவர்களிடம் தம் கை கால்களைக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர்கள் முன்பாக மீனும் சாப்பிட்டார். பெற்றோரும் இவ்வாறே செய்வார்களாக.

• சிறுபிள்ளைகள் இக்காட்சிகளைத் தனியே பார்க்க விடாதீர்கள். படுக்கும் நேரத்துக்கு முன் வேண்டவே வேண்டாம்.

• பயந்த பிள்ளையை ‘ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா’ என்று நையாண்டி செய்யாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வந்த இடத்தைக் காட்டுங்கள்.

• ‘சாப்பிடாவிட்டால் பேய் வரும்’ என்று நீங்களே மிரட்டாதீர்கள்.

• தூக்கமின்மையோ பயமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்கத்தின் 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

• படுக்குமுன் காவல் சம்மனசை நோக்கிப் பிள்ளையோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

வீட்டில் கலந்து பேச:

1. நம் பிள்ளை கடைசியாகப் பார்த்த பேய்க் காட்சி எது? அதைப் பற்றி நம்மிடம் ஏதாவது சொன்னானா?

2. ‘வீடு சரியில்லை’ என்று நாம் சொன்ன காலத்தில், மெய்யாகச் சரியில்லாமல் இருந்தது எது?

3. நம் தெருவில் பேய் பிடித்தவள் என்று பேர் வாங்கிய சகோதரி யாரேனும் உண்டா? இந்த வாரம் அவளைப் போய்ப் பார்ப்பது யார்?