களைக்கே யூரியா போட்டாங்க!

மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு சால்வீனியா என்ற மிதக்கும் பெரணியைத் தெரிந்திருக்கும். தொட்டியில் அழகுதான், ஆற்றில் விழுந்தால் வினை. அதற்கு விதை வேண்டாம். ஒடிந்த துண்டே புதுச் செடியாகிவிடும். சூழல் அமைந்தால் சில நாளில் இரட்டிப்பாகும். (தொட்டித் தண்ணியை லோங்காங்கில் ஊற்றாதீங்க!)

1970களில் இது பாப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் பரவியது. அங்கே படகுதான் பஸ், படகுதான் ஆம்புலன்ஸ். மீன் பிடிக்க, சந்தைக்குப் போக, எல்லாத்துக்கும் தண்ணீர் வழிதான். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பச்சைப் பாயாக மூடியதும் துடுப்புப் போடவே முடியவில்லை. சில கிராமங்களை மக்கள் விட்டுட்டே போயிட்டாங்க.

பூச்சியை விட்டு இதை ஒழிக்கும் முயற்சி ஆப்பிரிக்காவில் முன்பே நடந்து, சரிவரவில்லை. காரணம், செடியின் பெயர்! வேறொரு சால்வீனியா என்று நினைத்து, அதற்குரிய பூச்சிகளை விட்டிருந்தார்கள். 1972இல்தான் மிட்செல் என்ற ஆய்வாளர் இது தனி இனம் என்று விவரித்தார். 1978இல் அதன் தாயகம் தென்கிழக்கு பிரேசிலில் கண்டறியப்பட்டது. அங்கே அதைத் தின்றுகொண்டிருந்தது 2 மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு கூன்வண்டு. வண்டு மொட்டைக் கடிக்கும், புழு தண்டைக் குடையும். பிற பயிர்களைத் தொடுகிறதா என்று சோதித்த பிறகே 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு சொச்சத்தில் ஏரி தெளிந்தது.

செப்பிக்கில் மட்டும் வண்டு பெருகவே இல்லை. அங்குள்ள செடியில் தழைச்சத்து குறைவு. சத்தில்லாத தீனியைத் தின்று வண்டு எப்படி வம்சம் வளர்க்கும்? அப்போது ஆய்வாளர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருது: ஒழிக்க வேண்டிய களைக்கே யூரியா போட்டாங்க! வண்டு பிடித்துக்கொண்டது. அது கடித்த செடியில் புதிதாக வரும் துளிரில் தழைச்சத்து தானாகவே கூடும் என்பதால், பிறகு யூரியாவும் தேவைப்படவில்லை. வண்டேறிய செடிகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய் ஆறெங்கும் பரப்பினார்கள். சில ஆண்டுகளில் 250 சதுர கிலோமீட்டர் இரண்டாகச் சுருங்கியது. கிராமத்தார் திரும்பினார்கள்.

"களை தீர்ந்ததும் வண்டு நம்ம பயிருக்கு வராதா?" என்று கேட்பீங்க. வராது. தீனி குறைந்தால் அதுவும் குறையும். ஓரமாகக் கொஞ்சம் செடி, அதன்மேல் கொஞ்சம் வண்டு என்று மிஞ்சியிருக்கும்; செடி தலைதூக்கினால் வண்டும் கூடவே பெருகும்.