குளியலறையில் பிளக் பாயிண்ட் வைக்கலாமா?

பிடோக் வட்டாரத்தின் பல அடுக்குமாடி வீடுகள் 1970களில் கட்டப்பட்டவை. அக்காலத்தில் குளியலறைக்கு ஒரு விளக்கு போதுமானதாக இருந்தது. இன்று அதே குளியலறையில் சுடுநீர்ச் சாதனம் இருக்கிறது. தலைமுடி உலர்த்தி, சவரக் கருவி, மின்சாரத்தால் இயங்கும் கழிவறை இருக்கை ஆகியவற்றையும் சிலர் அங்கே பயன்படுத்த விரும்புகின்றனர். ஆகவே, வீட்டைப் புதுப்பிக்கும்போது, “குளியலறைக்குள்ளேயே ஒரு பிளக் பாயிண்ட் வைத்துவிடலாமே!” என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால், வரவேற்பறைக்குப் பொருந்துவது குளியலறைக்குப் பொருந்தாது.

சிங்கப்பூர் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். தோல் நனைந்தால் அந்தத் தடை வெகுவாகக் குறையும். உடலின் மின்தடை 1,000 ஓம் என்று கொண்டால், 230 மில்லிஆம்பியர் மின்னோட்டம் உடல் வழியே பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடல், மின்சாரம் நிலத்தை அடைவதற்கு எளிய வழியாகிவிடுகிறது.

பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸ் காப்பாற்றாதா என்று சிலர் கேட்கலாம். 13 ஆம்பியர் ஃபியூஸ் கம்பிகள் அளவுக்கு மீறிச் சூடாவதைத் தடுக்கவே பொருத்தப்படுகிறது. மனிதரைத் தாக்கும் மின்னோட்டம் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அவ்வளவு சிறிய கசிவை ஃபியூஸ் உணராது.

அதை உணர்வதற்கென்றே அமைந்த கருவி ஆர்சிசிபி. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் குறையில்லை. சாதனத்திலிருந்தோ ஒருவரின் உடல் வழியாகவோ மின்சாரம் கசிந்தால், திரும்பி வரும் அளவு குறையும். வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டியதும், அது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் ஆர்சிசிபி கட்டாயம் என்ற விதி இருந்தது. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் அது பொருத்தப்படாமலே இருந்தது. 2020 டிசம்பரில், ஊபி வட்டாரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். அவ்வீட்டில் ஆர்சிசிபி இல்லை. பின்னர், 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பழைய வீடுகளின் உரிமையாளர்களுக்கு ஈராண்டு அவகாசம் தரப்பட்டது. தகுதிபெற்ற குடும்பங்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் செலவின் பெரும்பகுதியை ஏற்கும் திட்டத்தையும் அறிமுகப்படுத்தியது.

ஆர்சிசிபி கடைசிக் காவலன். ஆபத்து நெருங்காதபடி இடத்தைத் தேர்வு செய்வதே முதல் காவல். தொட்டியில்லாத குளியலறையில், ஷவர் நீர் வெளிவரும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் தொலைவும் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமும் அதிக ஆபத்துள்ள பகுதி என்று அனைத்துலக மின்துறை விதிகள் வரையறுக்கின்றன. சாதாரண பிளக் பாயிண்ட் அந்தப் பகுதியிலிருந்து நன்கு விலகியே இருக்க வேண்டும். பழைய அடுக்குமாடி வீடுகளின் குளியலறை மிகச் சிறியது. அங்கே பாதுகாப்பான மூலை என்று ஒன்றைக் கண்டுபிடிப்பதே கடினம். எனவே, தலைமுடியைப் படுக்கையறையில் உலர்த்துவதே நல்லது.

சுடுநீர்ச் சாதனத்திற்கும் தனி விதி உண்டு. உடனடியாக நீரைச் சூடாக்கும் சாதனங்கள் பல 3,300 வாட் ஆற்றலில் இயங்குகின்றன. 3,300ஐ 230ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல் வருகிறது. 13 ஆம்பியர் பிளக் அந்தச் சுமையைத் தாங்காது. நாளடைவில் சூடேறி உள்ளே உருகத் தொடங்கும். ஆகையால், இச்சாதனத்தை இருமுனைச் சுவிட்ச் வழியாக நேரடியாக இணைக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். அணைத்ததும் இரு கம்பிகளிலும் தொடர்பு அறுந்துவிடுவதே அதன் சிறப்பு.

இத்தகைய வேலைகளை எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். “எனக்குத் தெரிந்தவர், மலிவாகச் செய்து கொடுப்பார்” என்பது போதாது. சுவருக்குள் மறைந்த பிழை பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும். பின்னர் அந்த வீட்டுக்குக் குடிவருவோரையும் அது தாக்கலாம்.

வீட்டு உறுப்பினர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். மின்சாரம் உடனே நின்றால் கருவி சரியாக இயங்குகிறது என்று பொருள். நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைக்க வேண்டும். குழாயைத் தொடும்போது இலேசாக ‘ஷாக்’ அடிப்பதாகப் பாட்டி சொன்னால், அதை வெறும் பிரமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. சுடுநீர்ச் சாதனத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, பழுது கண்டறியப்படும்வரை குளியலறையைப் பயன்படுத்தாமல் இருப்பதே அறிவுடைமை.