குடியியற் கல்வி: காலநிலைத் தீர்மானங்களில் சாதாரண மக்களின் பங்கு

மாணவர்களே, "உலகக் காலநிலை அரசாங்கங்களின் விடயம், எமக்கென்ன?" என்று சிலர் கேட்பர். பச்சைவீட்டு வாயுக்களை வெளியேற்றுவதில் இலங்கையின் பங்கு மிகச் சிறியதே. ஆயினும் கடல்மட்டம் உயர்ந்தால், கரையருகே வீடும் தோணியும் வைத்திருப்போரே முதலில் பாதிக்கப்படுவர். ஆகவே தீர்மானம் எடுக்கப்படுமுன் அவர்களின் கருத்தும் கேட்கப்பட வேண்டும்.

1. மக்கள் பங்கேற்பு ஏன் அவசியம்?

எமது ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், 2005இல் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயத்தை அறிவித்தது. தெற்கு, மேற்குக் கரைகளில் அது 100 மீற்றர். வடக்கு, கிழக்கில் 200 மீற்றர். பாதுகாப்பு என்ற நோக்கம் சரியானதே. ஆனால் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வாழ்வோருக்கு மாற்றுக் காணி எங்கே? மீனவர் கடலை விட்டு எவ்வளவு தூரம் செல்வது? மக்களின் எதிர்ப்பை அடுத்து அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. மருதமுனையில் "65 மீற்றர்" என்பது வீட்டுத்திட்டம் ஒன்றின் பெயராகவே நிலைத்துவிட்டது.

கவனிக்க: சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் ஏற்பட்டது. அதனைக் காலநிலை மாற்றத்தின் விளைவாக எழுத வேண்டாம். இவ்வுதாரணம் தீர்மானம் எடுக்கும் முறையை விளக்கவே பயன்படும்.

2. உலக மட்டத்தில்

(அ) 1992 ரியோ பிரகடனத்தின் 10ஆம் கோட்பாடு: தகவல் பெறல், தீர்மானத்திற் பங்குபற்றல், நீதி நாடல் ஆகிய வாய்ப்புகள் மக்களுக்கு இருத்தல் வேண்டும்.

(ஆ) 2009 செப்டெம்பர் 26: கொப்பன்ஹேகன் மாநாட்டிற்கு முன்பாக, 38 நாடுகளில் ஏறத்தாழ 4,000 சாதாரண மக்கள் ஒரே நாளில் கூடி, ஒரே வினாக்களுக்குக் கலந்துரையாடி விடையளித்தனர்.

(இ) 2021: கிளாஸ்கோ மாநாட்டையொட்டி, குலுக்கல் முறையில் 100 பேர் கொண்ட உலக மக்கள் பேரவை அமைக்கப்பட்டது.

குறைபாடு: இவற்றின் முடிவுகள் ஆலோசனைகள் மட்டுமே. அரசுகள் அவற்றை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3. இலங்கையில்

• தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெரிய கருத்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பகிரங்கப்படுத்தப்படும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்துத் தெரிவிக்கலாம்.
• 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச நிறுவனங்களிடம் தகவல் கோரலாம்.

மாதிரி வினா: மக்கள் பேரவைக்குக் குலுக்கல் மூலம் ஆட்களைத் தெரிவு செய்வதன் நன்மை யாது?

விடை: செல்வமும் செல்வாக்கும் உள்ளோர் மட்டும் இடம்பெறுவது தடுக்கப்படும். மீனவர், நெசவாளர், இல்லத்தரசி ஆகியோருக்கும் வாய்ப்புக் கிடைக்கும். இதனால் பாதிக்கப்படுவோரின் அனுபவம் தீர்மானத்தைச் சென்றடையும்.

பயிற்சி:
1. ரியோ பிரகடனத்தின் 10ஆம் கோட்பாடு கூறும் மூன்று வாய்ப்புகளைக் குறிப்பிடுக.
2. உமது ஊரில் கடலரிப்பைத் தடுக்கக் கல்லணை அமைக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது எனக் கொள்க. தீர்மானத்திற்கு முன் யார் யாரிடம் கருத்துக் கேட்க வேண்டும்? காரணம் தருக.